முதல் நலங்கு அத்தை கையால்தான்

கண்ணா, உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு இன்லேண்டைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் இது இன்லேண்டில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்று தெரிந்தது. உன் நைனாவை அனுப்பி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னேன். "இன்னா, கல்யாண லிஸ்டா எழுதப் போற?" என்றார். "ஆங், லிஸ்டுதான்" என்றேன். அவர் அரக்கோணம் வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்தான். இனி உன்னால் முடிகிற வரைக்கும் படி.

நீ எழுதியிருக்கிறாய்: "எனக்கு அக்கா தங்கை கிடையாது. நம் பக்கத்தில் மூத்த சுமங்கலி என்றால் அத்தைதான். முதல் நலங்கை அத்தை வைக்கட்டும் அம்மா. உங்களுக்குள் என்ன பகையோ, பழசை மறந்துவிடு." என்ன பகையோ! பிலாயில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் உலையில் இருந்த சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. பிறகு யோசித்தேன். உன்மேல் தப்பு இல்லை. பழசு என்னவென்று உனக்குச் சொன்னால்தானே? நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் எனக்கு மெட்ராஸில் ஆபரேஷன் நடந்ததே, வயிற்றில் கட்டி என்று உனக்கு எழுதச் சொன்னேனே, அது பொய். கட்டி வயிற்றில் இல்லை. மார்பில். புற்றுநோய்க் கட்டி. மகனிடம் இதையெல்லாம் எழுதலாமா என்று ஏழு வருஷம் கூச்சப்பட்டேன். நீ பால் குடித்த இடம்தானே, உனக்கென்ன கூச்சம், எனக்கென்ன கூச்சம்? இப்போது எழுதிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம், புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது. வலி இருந்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். நான் செய்த முதல் தப்பு, கட்டின புருஷனிடம் சொல்லாமல் அவருடைய அக்காவிடம் சொன்னது. பொம்பளைக்குப் பொம்பளை என்று நினைத்தேன். உன் அத்தை காவடிக்காகப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து நம் வீட்டில்தான் தங்கியிருந்தாள். சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அவள் முகத்தில் பயம் வந்தது. எனக்காக என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

"அய்யய்யோ, வாயத் தெறக்காத," என்றாள். "எம் மக சரளாவப் பொண்ணு பாக்க வந்துகினு இருக்காங்க. மார்ல கட்டி இருக்கிற குடும்பம்னு தெரிஞ்சா எவன் எடுப்பான்? மலைமேல சந்தனம் வாங்கி ஒரு மண்டலம் கரைச்சிக் குடி. சாமி மார்லயே ஆயுதம் பட்ட காயம் இருக்குது. அவருக்குத் தெரியாத நோவா?"

உனக்குத் தெரியும், நம் ஊரில் அந்தச் சந்தனத்தை நெற்றியில் இட மாட்டோம், தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். நாற்பத்தெட்டு நாள் குடித்தேன். சந்தனத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்றைக்கும் குடிக்கிறேன். டாக்டரிடம் போவதற்குப் பதிலாகக் குடி என்று சாமி சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். மண்டலம் முடிந்தபோது புளியங்கொட்டை இலந்தைப்பழம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் உன் நைனாவிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் முதல் பாசஞ்சருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் செய்த மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உனக்கு வரப்போகிறவள் ஒரு நாள் தயங்கித் தயங்கி உடம்பைப் பற்றி எதையாவது சொன்னால், நீயும் கேள்வி கேட்காதே. டிக்கெட் எடு.

மெட்ராஸில் ஒரு டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. பார்த்தார், ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். வழக்கமாக மார்பை முழுசாக எடுத்துவிடுவார்களாம். என் கட்டி சின்னது, ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் அக்குளில் இருக்கிற நெறிக்கட்டியையும் எடுத்துவிட்டு மார்பை அப்படியே விட்டுவிடலாமாம். "ஆனா அஞ்சு வாரம் ரேடியேஷன், அதான் கரண்ட், வெச்சே ஆகணும். பாதியில நின்னா நான் பண்ண ஆபரேஷனுக்கே அர்த்தமில்ல. இது எல்லாருக்கும் ஒத்து வராது, உங்களுக்கு ஒத்து வரும்னு தோணுது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. மார்பு இருக்கட்டும் என்றேன். உன் அத்தை கேள்விப்பட்டுச் சொன்னது வேறு. "மார அறுத்தாங்க, நோவ அரைகொறையா வுட்டுட்டாங்க. வெஷம் உள்ளதான் இருக்குது. ஒரு வருசம் தாங்கினா பெரிசு." இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது ஒரு மை விஷயத்துக்கு வருகிறேன். இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். கரண்ட் வைக்கிறதுக்கு முன்னால் மெஷின் எங்கே பட வேண்டும் என்று அளந்து, மார்பிலும் அக்குள் பக்கத்திலும் ஊதா மையால் கோடு போடுவார்கள். வீடு கட்ட மனையில் கோடு போடுகிற மாதிரிதான். தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வைப்பார்கள். அஞ்சு வாரமும் அது அழியக் கூடாது. அங்கே தண்ணீர் படக் கூடாது, சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடவே கூடாது. கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்குவோம். சனிக்கிழமை வீட்டுக்கு வருவோம். என் ரவிக்கையெல்லாம் உள்பக்கம் ஊதா.

மூன்றாவது சனிக்கிழமை வாசலில் உன் அத்தை நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தவலை நிறைய மஞ்சள் தண்ணீர். சரளாவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் நம் வீட்டு வழியாகத்தான் மலைக்குப் போகிறார்களாம், காபிக்கு உள்ளே வருவார்களாம். "எத்தினி பொணம் விழுற எடத்துல இருந்து வந்துகினு இருக்க? மூணு வாரமா ஒடம்புல தண்ணி பட்டிச்சா? தலைக்கு ஊத்தாம ஊட்டுக்குள்ள கால் வெக்காத" என்றாள். மை அழியக் கூடாது அண்ணி என்றேன். "மை பெரிசா, தீட்டு பெரிசா?" என்று கேட்டாள். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். உன் நைனா கையில் பையை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை அவர் வாயிலிருந்து. நானும்தான் என்ன செய்தேன்? நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அவள் ஊற்றினாள். ஊற்றினது போதாது என்று, என் மார்பைப் பார்க்காமல் பின்னால் நின்றுகொண்டு, மார்வரை ஏற்றிக் கட்டின பாவாடைக்கு மேலேயே பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள். ஊதாத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடினதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு. அவள் செய்தது பெரிய பாவம். இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. உன் நைனாவைத் திட்டினார். "படிச்சவர்தானே, ரயில்வேயில வேலை பாக்கறீங்க, ஒரு கோட்டைக் காப்பாத்தத் தெரியாதா?" என்றார். மஞ்சளும் தேய்ப்பும் சேர்ந்து, ஏற்கெனவே வெந்திருந்த தோல் உரிந்து ரணமாகிவிட்டது. அது ஆறுகிற வரைக்கும் கரண்ட் கிடையாது. பத்து நாள் நின்றுபோயிற்று. பிறகு மறுபடி அளந்து, மறுபடி கோடு. நான் கேட்டேன்: "இந்தப் பத்து நாளால ஏதாவது ஆகுமா டாக்டர்?" அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். வருஷம் போகப் போகத்தான் தெரியும்" என்றார். சென்ட்ரலில் வண்டிக்குக் காத்திருந்தபோது உன் நைனா தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அவருக்கு உப்பில்லாத ரசம்தான் வைத்தேன். அவரும் அதைத்தான் குடித்தார்.

வருஷம் போகப் போகத் தெரியும். இந்த வார்த்தையோடு வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் கண்ணா. ராத்திரி இருமினால் அந்தப் பத்து நாளா? முதுகு வலித்தால் அந்தப் பத்து நாளா? இடது கை வீங்கிக்கொண்டது. அது நெறி எடுத்ததால் வருகிறது, வேறொன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு முறை வளையல் ஏறாதபோதும் நான் அவளைத்தான் நினைத்தேன். சுவரில் விரலை வைத்துப் பல்லி ஏறுகிற மாதிரி மேலே மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். சமையல்கட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டுப் போட்டுத்தான் கையைத் தூக்கினேன். நீ லீவில் வந்தபோது "யாரும்மா சுவத்துல கிறுக்கினது?" என்று கேட்டாயே, அது இதுதான்.

அப்புறம் சரளா கல்யாணம். நீ பரீட்சை என்று வரவில்லை. பொதட்டூர்பேட்டையில் அவர்கள் வீட்டில் நலங்கு. தறியை எல்லாம் ஓரம் கட்டிவிட்டுப் பொண்ணை உட்கார வைத்திருந்தார்கள். மாமன் பெண்டாட்டி நான், முதலில் நான்தானே வைக்க வேண்டும்? மஞ்சளைக் குழைத்துக்கொண்டு எழுந்தேன். உன் அத்தை என் கையைப் பிடித்தாள். நாற்பது பொம்பளைகள் நடுவில், மெதுவாகக்கூட இல்லை, சொன்னாள்: "நீ வாணாம். அறுத்த ஒடம்பு. பொண்ணுக்கு ஆகாது." பின்னாலிருந்து ஒருத்தி, "முழுசா எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆங், ரவிக்கைக்குள்ள பஞ்சுதான்" என்றாள் உன் அத்தை. நாற்பது பேர் பார்வையும் என் மார்பில். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று தேடினார்கள். நான் மஞ்சள் கையை என் புடவையிலேயே துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை. போகாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். பெட்டியில் அடியில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அன்றைக்கு பஸ்ஸில் முடிவு பண்ணினேன், இவளைப் பழி வாங்க வேண்டும். எப்படி? ஏசினால் திருப்பி ஏசுவாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது. உயிரோடு இருப்பதுதான் வழி. ஒரு வருஷம் தாங்கினால் பெரிசு என்றாள் அல்லவா? தாங்கிக் காட்டுகிறேன் என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப். ஒவ்வொரு முறையும் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியதும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். நேராகப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறுவேன். அவள் வாசலில் போய் நின்று, "அண்ணி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்பேன். செம்பை வாங்கி, நின்றபடியே, கடைசிச் சொட்டுவரை குடிப்பேன். "டாக்டரு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாங்க" என்பேன். திரும்பி அடுத்த பஸ் ஏறிவிடுவேன். பதினோரு தடவை குடித்தேன். ஐந்து வருஷம் முடிந்த அன்றைக்கு இரண்டு செம்பு குடித்தேன். நாலாவது தடவைக்கு மேல் அவள் என் முகத்தைப் பார்க்காமல்தான் செம்பை நீட்டினாள். அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எனக்கு அது இனித்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மாசக் கிருத்திகைக்கு மலை ஏறும்போது, முன்னூற்று அறுபத்தைந்து படியிலும் வீங்கின கையைத் தூக்கிக்கொண்டு, ஒரே வேண்டுதல்தான் வேண்டினேன். முருகா, அவளுக்கும் இது வரணும். அதே இடத்தில் வரணும். அவளும் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரணும். உனக்காக வேண்டினது கொஞ்சம், எனக்காக வேண்டினது அதைவிடக் கொஞ்சம். இதைத்தான் நிறைய வேண்டினேன்.

இந்த ஐப்பசி முதல் வாரம் ஒரு நாள் மத்தியானம் உன் அத்தை தனியாக வந்தாள். சரளாவைக்கூட அழைத்து வரவில்லை. சோறு போட்டேன், கையை வைக்கவில்லை. "கதவச் சாத்து" என்றாள். அதே சமையல்கட்டு. சாத்தினேன். "எனக்கும் இருக்குது" என்றாள்.

என் மனசில் முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாதமாம். யாரிடமும் சொல்லவில்லையாம். சந்தனம் குடித்தாளாம். டாக்டரிடம் போகலாம் என்றதும் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள். "அறுத்துடுவாங்க. மாட்டேன். மொட்டையா ஊருக்குள்ள எப்படி நடப்பேன்? அதுக்கு இப்படியே போய்ச் சேர்றேன்" என்று முனகினாள். கேட்டுக்கொண்டே நின்றேன். நின்றவளுக்குத் திடீரென்று புத்தியில் பட்டது, இவள் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் யார் வாசலில் தண்ணீர் குடிப்பது? ஏழு வருஷமாக நான் பிழைத்திருக்கிறேன் என்று யாரிடம் காட்டினேன்? இவளிடம்தானே! கேட்ட வரத்தை அப்படியே கையில் கொடுத்துவிட்டான் முருகன். கையில் வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"பாரு" என்றேன். ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினேன். டாக்டரம்மாவையும் உன் நைனாவையும் தவிர நான் யாருக்கும் காட்டினதில்லை. அவள் முகத்தைத் திருப்பினாள். தாடையைப் பிடித்துத் திருப்பினேன். "நாப்பது பேரு நடுவுல பஞ்சுன்னியே, பாரு! கையை வெய்யி!" அவள் கையை இழுத்து வைத்தேன். ஒரு விரல் நீளத் தழும்பு, இடது பக்கம் கொஞ்சம் சின்னது, தோல் கொஞ்சம் கறுத்திருக்கும், அவ்வளவுதான். அவள் விரல் தழும்பில் நின்றது. "இருக்குதேடி" என்றாள். "உனக்கு ரெண்டும் இருக்குதேடி." பிறகு அந்தக் கையை எடுக்காமலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அழவில்லை. "அழுது முடிச்சிட்டு மூஞ்சியக் கழுவு. காலைல மொத வண்டி" என்றேன்.

யாரிடமும் சொல்லாதே என்று காலில் விழாத குறையாகக் கேட்டாள். நான் அன்று சாயங்காலமே உன் நைனாவிடம் சொன்னேன், சரளாவுக்கும் ஆள் விட்டேன். என் நோயை அவள் மூடி மூடி வளர்த்தாள். அவள் நோயை நான் மூட மாட்டேன். அதே டாக்டரம்மா, இப்போது தலை நரைத்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா முழுசா எடுத்திருப்பேன். இப்ப மார்பை விட்டுடலாம்" என்றார். ஐப்பசி கடைசியில் ஆபரேஷன் ஆனது. அந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். "பத்து நாள்" என்று மட்டும் ஒரு முறை சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. "என்னை நாலு அடி அடிச்சிடு" என்றாள். "உப்பு தின்னவ தண்ணி குடிச்சே ஆகணும், அண்ணி. அடியெல்லாம் கிடையாது" என்றேன். நான் அவளை மன்னிக்கவில்லை. இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள். மன்னிக்கிறதாக உத்தேசமும் இல்லை.

வருகிற திங்கட்கிழமை அவளுக்குக் கோடு போடுகிறார்கள். அஞ்சு வாரம். உன் நலங்கு சரியாக நடுவில் வருகிறது. அவள் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். குளிக்காத உடம்பு, அறுத்த உடம்பு, நல்ல காரியத்துக்கு ஆகாது என்று. அவள் சொன்ன வார்த்தையே அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டது பார்த்தாயா? நீ கேட்டது இதுதானே, அத்தை முதல் நலங்கு வைக்கட்டும் என்று? வைப்பாள். நீ கேட்டதற்காக இல்லை, நான் சொல்வதற்காக வைப்பாள். தலைக்கு ஊற்றாமல், ரவிக்கைக்குள் ஊதா மையோடு, நாற்பது பொம்பளைகள் முன்னால் எழுந்து வந்து உன் கன்னத்தில் மஞ்சள் பூச வேண்டும். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு என் மார்பில் கண்ணை வைத்துத் தேடினவர்கள். எவளாவது தீட்டு என்று வாயைத் திறந்தால், தவலையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தால், நான் இருக்கிறேன். அந்த ஊதாக் கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட மாட்டேன். என் கோட்டுக்கு யாரும் நிற்கவில்லை. அவள் கோட்டுக்கு நான் நிற்பேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் பூச வரும்போது தடுமாறுவாள். இடது கையைத் தூக்க முடியாது, சுவரில் ஏற்ற இப்போதுதான் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நீ குனிந்து முகத்தைக் கிட்டே கொடு. அவசரப்படுத்தாதே. அவள் பூசி முடிக்கிற வரைக்கும் நகராதே.

கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் பிலாய் போய்விடுவீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவளும் மெட்ராஸுக்குச் செக்கப் போக வேண்டும். வண்டியை விட்டு இறங்கினதும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கக் கூடாது, நேராக என் வாசலுக்கு வர வேண்டும், வந்து தண்ணீர் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. எனக்குப் பதினோரு தடவை, பன்னிரண்டு செம்பு, பாக்கி இருக்கிறது. அத்தனையும் அவள் குடிக்கிற வரைக்கும் அவள் இருக்க வேண்டும். ஊற்றிக் கொடுக்க நானும் இருக்க வேண்டும்.

அம்மா